பேட்ஜரா, பன்றி முடியா, செயற்கை இழையா? விலை உயர்ந்த ஷேவிங் பிரஷ் வாங்கும் முன்

என் தாய்மாமா வருகிற தை மாதம் பணி ஓய்வு பெறுகிறார். முப்பத்தைந்து வருடமாக அவருக்கு ஒரே பழக்கம்: விடிந்ததும் வட்டச் சோப்பு, பிரஷ், இரட்டை முனை பிளேடு மாட்டிய ரேசர். டப்பாவில் வரும் நுரையை அவர் தொட்டதே இல்லை. இப்போது வைத்திருக்கும் பிரஷ்ஷில் பாதி முடி உதிர்ந்து, பிடியில் விரிசல் ஓடுகிறது. ஓய்வுப் பரிசாக, இனி வேறு பிரஷ்ஷே வாங்கத் தேவையில்லாத மாதிரி ஒன்று வாங்கிக் கொடுப்பது என்று நானும் தங்கையும் பேசி வைத்தோம். பன்னிரண்டாயிரம் ரூபாய் வரை போகலாம் என்று கணக்கு. அந்தப் பணத்துக்கு மூன்று விதமான பிரஷ் கிடைக்கும். பேட்ஜர் எனப்படும் வளைக்கரடியின் முடியில் கட்டியது, பன்றி முடியில் கட்டியது, செயற்கை இழையில் கட்டியது.

நான்கு வருடத்துக்கு முன் எனக்கென்று ஆசைப்பட்டு ஒரு பிரஷ் வாங்கி ஏமாந்தேன். ஆன்லைன் கடையில் ‘அசல் சில்வர்டிப் பேட்ஜர்’ என்று போட்டிருந்தது. வெல்வெட் பெட்டி, பளபளவென்று உலோகப் பிடி, நல்ல கனம். முதல் நாள் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்ததுமே தண்ணீர் சாம்பல் நிறமாக மாறியது. நடுவில் இருந்த கறுப்புப் பட்டை வெறும் சாயம். கன்னத்தில் வைத்தால் மூங்கில் சுணை மாதிரி குத்தியது. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நுனிகள் எல்லாம் கத்தரியால் வெட்டி விட்டவை. மூன்று வாரத்தில் நடுவில் பள்ளம் விழுந்தது. பணம் போனதைவிட, பெட்டியையும் பிடியையும் பார்த்து மயங்கியதுதான் எனக்கு வலித்தது. மாமாவுக்கு அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு மெனக்கெட்டேன்.

முதலில் தரப் பெயர்கள். பேட்ஜர் பிரஷ்களைப் பொதுவாக பியூர், பெஸ்ட், சூப்பர், சில்வர்டிப் என்று ஏறுவரிசையில் விற்கிறார்கள். பியூர் என்பது கறுத்த, சற்று முரட்டு முடி. மேலே போகப் போக முடி மெலிந்து, நுனி வெளுத்து, மென்மையாகும். கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் தங்கத்தில் 916 என்றால் எந்தக் கடையிலும் 916தான், அதற்கு ஹால்மார்க் இருக்கிறது. சில்வர்டிப்புக்கு அப்படி எந்த முத்திரையும் கிடையாது. யார் வேண்டுமானாலும் எதன் மேலும் அந்தப் பெயரை எழுதலாம். 1919-ல் லண்டனில் தொடங்கி இப்போது ஐல் ஆஃப் மேன் தீவில் பிரஷ் கட்டும் சிம்ப்சன் நிறுவனத்தின் வரிசையில் பியூர், பெஸ்ட், சூப்பர், மஞ்சூரியன் என்றுதான் பெயர்கள். அவர்களுடைய பெஸ்ட், வேறு பலர் சில்வர்டிப் என்று விற்பதற்குச் சளைத்ததில்லை. 1808-ல் பாரிஸில் ஆரம்பித்த ப்ளிஸானோ ‘சீனச் சாம்பல்’, ‘ஐரோப்பிய வெள்ளை’, ‘உயர்மலை வெள்ளை’ என்று தனக்கென்று ஒரு வரிசை வைத்திருக்கிறது. ஆகவே ஒரே நிறுவனத்தின் இரண்டு பிரஷ்களை ஒப்பிடத்தான் தரப் பெயர் உதவும். இரண்டு நிறுவனங்களை ஒப்பிட அது உதவாது.

இந்த ஏமாற்று இன்றைக்கு வந்ததும் இல்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் ஆசியாவிலிருந்து போன குதிரை முடியைப் பேட்ஜர் மாதிரி ஆக்கி, சரியாகக் கிருமி நீக்காமல் பிரஷ் கட்டி விற்றிருக்கிறார்கள். அதில் முகம் மழித்த பிரிட்டிஷ், அமெரிக்கப் படைவீரர்களுக்கும் பொதுமக்களுக்கும் ஆந்த்ராக்ஸ் வந்தது. பதிவானவையே 200-க்கு மேல். இன்றைய பிரஷ்ஷில் அந்தப் பயம் வேண்டாம். ஆனாலும் முடி எதுவென்று கேட்டு வாங்கும் பழக்கத்துக்குப் பின்னால் இப்படி ஒரு கதை இருக்கிறது.

சரி, பெயரை நம்ப முடியாது என்றால் எதைப் பார்ப்பது? குஞ்சத்தைத்தான். பிடிக்கு மேலே நிற்கும் முடிக் கற்றையை நான் குஞ்சம் என்றே சொல்கிறேன். பிரஷ்ஷின் உயிர் அதில்தான் இருக்கிறது.

நல்ல குஞ்சம் எப்படிக் கட்டப்படுகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. முடியைக் கழுவி, நீளவாரியாகப் பிரித்து, ஒரு பிரஷ்ஷுக்கு வேண்டிய அளவை எடுத்து, நுனி கீழே இருக்கும்படி ஒரு சிறு குழிவான அச்சில் போட்டுத் தட்டுகிறார்கள். அச்சின் வளைவுக்கு ஏற்ப நுனிகள் குமிழாகவோ விசிறியாகவோ அமைகின்றன. பிறகு அடியில் நூலால் இறுக்கிக் கட்டி, பசை ஊற்றி, பிடியின் குழியில் இறக்குகிறார்கள். வடிவம் முழுவதும் அடியிலிருந்தே வருகிறது. நுனியில் கத்தரி படவே கூடாது. ஒவ்வொரு முடியும் இயற்கையாகக் கூர்ந்து மெலிந்து முடிவதால்தான் அது தோலில் பஞ்சு மாதிரி இருக்கிறது. அவசர வேலையில் கற்றையைக் கட்டிவிட்டு மேலே வெட்டி உருட்டி விடுவார்கள். வெட்டிய நுனி தட்டையாக இருக்கும், குத்தும். இதைக் கண்டுபிடிக்கக் கடையிலேயே ஒரு வழி இருக்கிறது. கைப்பேசி கேமராவை நெருக்கி ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். நுனி ஊசி மாதிரி மெலிந்து போனால் நல்லது. துடைப்பக் குச்சியை வெட்டின மாதிரி நின்றால் வைத்துவிட்டு வந்துவிடலாம்.

அடுத்து அடர்த்தி. குஞ்சத்தை இரண்டு பெருவிரலாலும் நடுவில் பிளந்து அடிவரை பாருங்கள். நடுவில் முடி குறைந்து ஓட்டையாக இருந்தால், வெளியே எவ்வளவு புசுபுசுவென்று இருந்தாலும் நனைந்ததும் சரிந்துவிடும். அதே இடத்தில் விரலால் அழுத்திப் பசை எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். பசை மேலே ஏறி மேடு கட்டியிருந்தால் வளையக்கூடிய முடியின் நீளம் குறைந்து, கன்னத்தில் கட்டை மாதிரி இடிக்கும்.

அளவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் பெரிய பிரஷ்தான் உயர்ந்த பிரஷ் என்று நினைத்துப் பலர் பணத்தைக் கொட்டுகிறார்கள். குஞ்சத்தின் அடி விட்டம் மில்லிமீட்டரில் சொல்லப்படும். 22 முதல் 26 வரை பெரும்பாலானவர்களுக்குப் போதும். விட்டத்தோடு உயரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 24 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 50 மில்லிமீட்டர் உயரம் என்றால் விறைப்பும் மென்மையும் ஓரளவு சமமாக இருக்கும். அதே விட்டத்தில் உயரம் கூடினால் தொளதொளவென்று ஆகும். குறைந்தால் விறைக்கும். 28, 30 மில்லிமீட்டர் பிரஷ் கைக்குக் கம்பீரமாக இருக்கும். ஆனால் மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே நுழையாது, சோப்பையும் கணக்கில்லாமல் குடிக்கும்.

இனி மூன்று வகைகளுக்கு வருகிறேன்.

பேட்ஜர் முடி பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. இங்கிலாந்தில் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி வளைக்கரடி பாதுகாக்கப்பட்ட விலங்கு. ஆங்கிலேய பிரஷ் என்று நாம் வாங்கினாலும் கட்டிய கைதான் அங்கே, முடி ஆசியா. நல்ல பேட்ஜரின் சுகத்தைச் சொன்னால் மிகைப்படுத்துவதாகத் தோன்றும். முடிகளுக்கு நடுவே தண்ணீரையும் சூட்டையும் பிடித்து வைத்துக்கொண்டு, கிண்ணத்தில் சுழற்றினால் தயிர் கடைந்த மாதிரி கெட்டியான நுரை தரும். அதிலும் இரண்டு சாதி. வெள்ளை நுனி, நடுவில் கறுப்பு, அடியில் மறுபடி வெளுப்பு என்று மூன்று பட்டை உள்ளது மென்மையாக வளைந்து கொடுக்கும். வெள்ளை நுனிக்குக் கீழே கறுப்பு மட்டும் என்று இரண்டு பட்டை உள்ளதில் முடித் தண்டு தடிமனாக இருப்பதால் விறைப்பு கூடுதல். கிண்ணத்தில் நுரை கட்டி முகத்தில் பூசுபவருக்கு முதலாவது, முகத்திலேயே சோப்பைத் தேய்த்து நுரை எழுப்புபவருக்கு இரண்டாவது. புதிதில் ஈர நாய் வாசனை ஒன்று வரும். அது குறை இல்லை, ஷாம்பு போட்டு நாலைந்து முறை அலசினால் போய்விடும். முதல் வாரம் சில முடி உதிர்வதும் இயல்பு. ஒரு மாதம் கழித்தும் தினமும் உதிர்ந்தால் கட்டிலோ பசையிலோ கோளாறு.

என் தங்கைக்குப் பேட்ஜரில் மனம் ஒப்பவில்லை. 2018-ல் பீட்டா ஆசியா அமைப்பு சீனப் பண்ணைகளில் அந்த விலங்குகளைச் சிறு கூண்டுகளில் அடைத்து வைத்திருப்பதைப் படம் பிடித்து வெளியிட்டது. சில நிறுவனங்கள் அதற்குப் பிறகு பேட்ஜரையே கைவிட்டன. அவள் அந்தக் காட்சிகளைப் பார்த்திருக்கிறாள். “மாமாவுக்குக் கொடுக்கிற பொருள், நல்ல மனசோட கொடுக்கணும் இல்லையா அண்ணா” என்றாள். அந்தப் பேச்சை என்னால் ஒதுக்கித் தள்ள முடியவில்லை.

பன்றி முடிக்கு வருவோம். விலை குறைவு என்பதால் இதைக் கீழாக நினைப்பது தவறு. 1931 முதல் இத்தாலியின் போலோன்யாவில் இயங்கும் ஓமேகா நிறுவனத்தின் 10049 எண் பிரஷ், உலகம் முழுக்க நுரை விரும்பிகள் கையில் இருக்கிறது. அதன் விலைக்குப் பேட்ஜர் பிரஷ்ஷின் பிடி கூட வராது. பன்றி முடி தண்ணீரைத் தண்டுக்குள்ளேயே உறிஞ்சும். அதனால் சவரத்துக்கு முன் சில நிமிடம் ஊற வைக்க வேண்டும். காய்ந்ததைக் கன்னத்தில் வைத்தால் தேங்காய் நார். புதிதில் ஊறிய பிறகும் கொஞ்சம் முரடுதான். பதினைந்து இருபது சவரம் ஆனதும் நுனிகள் இரண்டாக, மூன்றாகப் பிளந்து, அடியில் விறைப்பு அப்படியே இருக்க, மேலே மட்டும் மிருதுவாகும். அந்தப் பக்குவத்துக்கு வந்த பன்றி முடி பிரஷ், கடினமான சோப்புக் கட்டியிலிருந்து நுரையைச் சுரண்டி எடுப்பதில் என் கணக்கில் பேட்ஜரை முந்தும். ஒன்று மட்டும் நினைவில் வைக்க வேண்டும். பரிசாகக் கொடுப்பதானால், வாங்குபவர் பன்றி முடியைத் தொடுவாரா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மார்க்க நெறிப்படி தொடாதவர்கள் உண்டு, அருவருப்பால் தொடாதவர்களும் உண்டு. குதிரை முடி இரண்டுக்கும் நடுவில் நிற்கும். நான் அதிகம் பழகியதில்லை, அதனால் விட்டுவிடுகிறேன்.

செயற்கை இழைதான் என் எண்ணத்தை முழுதாக மாற்றியது. சிறு வயதில் நாம் பார்த்த நைலான் பிரஷ் மீன் வலையை முகத்தில் தேய்ப்பது போல் இருக்கும். இன்றைய இழை வேறு. நுனியை மெலிதாக்கி, பேட்ஜர் மாதிரியே கூராக்கி விடுகிறார்கள். ப்ளிஸான் கொண்டுவந்த மிருதுவான இழை அவ்வளவு பேர் பெற்றதால், அதே வகைக்கு ‘ப்ளிஸாஃப்ட்’ என்றே பட்டப்பெயர் வந்துவிட்டது. ஜெர்மனியின் ஸ்டுட்சன்குரூன் என்ற ஊரில் 1945-ல் தொடங்கிய ம்யூலே நிறுவனம் சில்வர்டிப் நிறத்திலேயே இழை செய்கிறது. இந்த இழை தண்ணீரை உறிஞ்சாது. ஊற வைக்க வேண்டாம், வாசனையும் கிடையாது. உதறித் தொங்கவிட்டால் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். குறை இருக்கிறது. துள்ளல் அதிகம். பழக்கமில்லாதவர் அழுத்திச் சுழற்றினால் நுரை கண்ணாடியில் தெறிக்கும். நன்கு பழகிய பேட்ஜர் முகத்தோடு சேர்ந்து படியும், இழை சற்றுத் தள்ளி நிற்கும். சூட்டையும் பேட்ஜர் அளவுக்குப் பிடித்து வைப்பதில்லை.

சுகம் மட்டுமே கணக்கு என்றால் முதலிடம் பேட்ஜருக்குத்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பிரஷ் மாமாவின் கைக்குப் போகிறது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் அவர் வீட்டுக்குப் போய், அவர் சவரம் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். “என்ன மாப்ளே, புதுசா பார்க்கிற மாதிரி பார்க்கிறே?” என்றார். நான் பார்த்தவை மூன்று.

முதலாவது, அவர் கிண்ணமே வைத்துக்கொள்வதில்லை. சோப்பில் பிரஷ்ஷைத் தேய்த்து நேராகக் கன்னத்தில் வைத்து, குஞ்சம் அடிவரை விரியும்படி அழுத்தி, வட்டம் வட்டமாகச் சுழற்றுகிறார். பேட்ஜர் முடிக்கு இதைவிடக் கெடுதல் வேறு இல்லை. சுவருக்கு வெள்ளையடிப்பது மாதிரி மேலும் கீழும் பூசினால் பேட்ஜர் பிரஷ் பத்து இருபது வருடம் உழைக்கும். அழுத்திச் சுழற்றினால் முடி பசைக்குப் பக்கத்தில் முறுக்கி ஒடிந்து, நடுவில் குழி விழும். முப்பத்தைந்து வருடப் பழக்கத்தை ஒரு பரிசுக்காக மாற்றிக்கொள்ளச் சொல்ல முடியுமா?

இரண்டாவது, போர் தண்ணீர். உப்புத் தண்ணீரில் சோப்பு வெள்ளையாகத் திரிந்து, பிரஷ்ஷின் அடியில் சுண்ணாம்பு மாதிரி படியும். விலங்கு முடியில் அது ஏறினால் முடி வறண்டு உடையும். மாதம் ஒருமுறை தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து சில நிமிடம் ஊற வைத்து அலசினால் போகும். நான் செய்வேன், மாமா செய்ய மாட்டார். இழையிலும் படியும்தான், ஆனால் ஒரு அலசலில் கழன்றுவிடும்.

மூன்றாவது, அவர் வீட்டுக் குளியலறைக்கு ஜன்னல் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் துண்டே காயாது. அடர்த்தியான பேட்ஜர் குஞ்சம் நன்றாகக் காய, காற்றோட்டமான இடத்திலேயே ஒரு நாள் ஆகும். ஈரத்தோடு நின்றால் பூஞ்சை வாடை வந்துவிடும். ஓய்வுக்குப் பிறகு கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்கும் இங்கேயுமாக இருக்கப்போகிறார். காலையில் சவரம் முடித்து பிரஷ்ஷை அப்படியே பையில் போட்டு ரயில் ஏறுவார். பன்றி முடியும் ஈரத்தை உள்ளே வாங்கி வைப்பதால் அதற்கும் இதே கதிதான்.

இந்த மூன்றையும் பார்த்த பிறகு பேட்ஜர் தானாக விலகியது. இதே பன்னிரண்டாயிரத்துக்கு, கிண்ணத்தில் பொறுமையாக நுரை கட்டுபவர், காற்றோட்டமான வீட்டில் இருப்பவர், பொருளைப் பார்த்துப் பார்த்து வைத்துக்கொள்பவர் யாராவது என்னைக் கேட்டால், சிம்ப்சன் மாதிரிக் கையால் கட்டும் இடத்தில் சிறிய அளவில் ஒரு பெஸ்ட் தரப் பிரஷ்ஷைத்தான் சொல்வேன். பெயர் தெரியாத இடத்தில் பெரிய சில்வர்டிப் வேண்டாம். அழுத்தித் தேய்ப்பவர், பக்குவப்படுத்தப் பொறுமை உள்ளவர் என்றால் ஓமேகா பன்றி முடி. அதில் மிச்சமாகும் பணத்துக்கு நாலு வருடச் சோப்பு வாங்கலாம்.

பிடியைப் பற்றி இரண்டு வார்த்தை. விலை உயர உயர, முடியைவிடப் பிடிக்குத்தான் பணம் போகும். மாட்டுக் கொம்பு, கருங்காலி, ஆலிவ் மரம் என்று மயக்குவார்கள். மரம் அழகு, ஆனால் தினமும் ஈரம் பட்டால் மெருகு போய் வெடிக்கும். முழு உலோகம் சோப்புக் கையில் வழுக்கும். ரெசின் எனப்படும் கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த நல்ல பிடி இரண்டு கவலையும் இல்லாதது. பார்க்க வேண்டியது இடுப்புப் பகுதி. பெருவிரலும் நடுவிரலும் குஞ்சத்துக்குக் கீழே தானாகப் போய் உட்கார வேண்டும். மாமாவின் பழைய பிரஷ்ஷை நூலால் அளந்து, கிட்டத்தட்ட அதே இடுப்பும் உயரமும் உள்ள பிடியைத் தேடினேன்.

கடைசியில் வாங்கியது ம்யூலேயின் செயற்கை இழைப் பிரஷ். 23 மில்லிமீட்டர் குஞ்சம், கறுப்பு ரெசின் பிடி. ஒதுக்கிய பணத்தில் பாதிக்குச் சற்று மேல் ஆனது. மிச்சத்தில் அவர் பயன்படுத்தும் சோப்பு ஒரு டஜனும், தொங்கவிட ஒரு ஸ்டாண்டும் தங்கை வாங்கிவிட்டாள்.

பார்சல் போன வாரம் வந்தது. பரிசுப் பொருளைப் பிரிக்கலாமா என்று தங்கை தயங்கினாள். பழைய ஏமாற்றம் மனதில் இருந்ததால் நான் விடவில்லை. நுனியைப் படம் எடுத்துப் பார்த்தேன், ஒவ்வொன்றும் மெலிந்து முடிந்திருந்தது. குஞ்சத்தைப் பிளந்து பார்த்தேன், நடுவில் ஓட்டை இல்லை, பசை மேடும் இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் புறங்கையில் அழுத்தினேன். குத்தவில்லை. பாத்திரத்துத் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. உதறித் தொங்கவிட்டுவிட்டு மத்தியானம் சாப்பிட்டு வந்து தொட்டுப் பார்த்தால் உலர்ந்திருந்தது. திரும்பப் பெட்டியில் வைத்து, மாமாவின் பெயரை எழுதி ஒட்டியாயிற்று.